மலை மடத்துல குடுத்த பேரு

நீலம்னு சொன்னா போதாது. கடல் நீலமும் இல்ல, ஸ்கூல்ல பிள்ளைங்களோட கிரேயான் டப்பாவுல மொதல்ல தேஞ்சு போற அந்த நீலமும் இல்ல, கல்ல அரைச்சு எடுத்த நீலம், தொள்ளாயிரம் வருஷமா வெண்ணெய் விளக்குப் புகையத் தின்னுட்டு இன்னும் பசி அடங்காம நிக்குற நீலம், ஐயோ இத நான் எப்படி ஞாபகம் வச்சுக்கப் போறேன், உள்ள போட்டோ எடுக்கக் கூடாதாம், அது நல்லதுதான், பிளாஷ் பட்டுப் பட்டே பாதி சுவரு செத்துரும்னு படிச்சிருக்கேன், ஆனா என் கண்ணு மட்டும் போதுமான்னு பயமா இருக்கு. நாகர்கோவில்ல இருந்து டெல்லி, டெல்லில இருந்து சிம்லா, அங்கேருந்து ரெண்டு நாளு பஸ்ஸு, ரோட்ட விட டிரைவர் வச்ச பாட்டுதான் குலுக்குச்சு, எல்லாம் இந்த ஒரு சுவத்துப் படத்துக்காக. போன வருஷம் யாரோ நெட்டுல போட்ட ஒரு கலங்கின போட்டோவுல மூலையில சின்னதா ஒரு வள்ளம் தெரிஞ்சுது. பதிமூவாயிரம் அடி ஒசரத்துல, தும்ரேன்னு முப்பது வீடுள்ள ஒரு ஊர்ல, மண்ணால கட்டின மடத்துக்குள்ள, வள்ளம்! எனக்குத் தூக்கமே வரல. எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க கிட்ட எல்லாம் சொன்னேன், "ட்ராயிங் மிஸ் வள்ளம் பாக்க மலைக்குப் போறாங்களாம், கடலு நம்ம வீட்டுக்குப் பின்னாடி கெடக்கு"ன்னு ஒருத்தன் சொல்ல மொத்த கிளாஸும் சிரிச்சுது. இப்ப அது எனக்கு எதுத்தாப்ல, கையெட்டுற தூரத்துல. அணியத்துல, அதான் வள்ளத்து மூக்குல, குதிரைத் தல வச்சிருக்கான். உள்ள ஆறு பேரு நிக்காங்க, ஆறு பேரும் கும்பிட்டுட்டே நிக்காங்க, ஒருத்தன் கையிலயும் துடுப்பு இல்ல, அட பாவிகளா, ஒருத்தனாவது தண்ணிய எறைச்சு ஊத்தக் கூடாதா. அலைய மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா வரைஞ்சிருக்கான், ஒவ்வொரு செதிலும் ஒரே அளவு. கடலப் பாத்தே இருக்க மாட்டான் இத வரைஞ்சவன். யாரோ வியாபாரி வந்து சொல்லியிருப்பான், பெரிய தண்ணி, அசைஞ்சுட்டே இருக்கும்னு, இவன் அசையுறதுன்னா என்னன்னு யோசிச்சு யோசிச்சு மீன் செதிலப் புடிச்சிருக்கான். மேல வலது மூலையில பச்சை நிறத்துல தாரா தேவி, ஒரு கால மடக்கி, ஒரு கால எந்திரிக்கப் போற மாதிரி நீட்டி உக்காந்திருக்கா. எட்டு பயத்துல இருந்து காப்பாத்துறவளாம், யானை, சிங்கம், தீ, பாம்பு, திருடன், செறை, பேய், எட்டாவதா தண்ணியில முங்குறது. கிளீட்டஸ் அண்ணன் இந்த வள்ளத்தப் பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பான். குதிரைத் தல எதுக்குலே, காத்துக்குப் புல்லு போடவான்னு கேப்பான்.

கேப்பானா. அங்கதான் எனக்கு எப்பவும் முட்டும். கிளீட்டஸ் எனக்க சொந்த அண்ணன். ஏழு வருஷம் முன்ன தங்கல் தொழிலுக்குப் போனான், பத்து பதினஞ்சு நாளு நடுக்கடல்லயே கெடந்து மீன் புடிக்குற தொழிலு. புயல் வந்துது. போட்டுல போன எட்டு பேருல ஒருத்தர் மட்டும் திரும்பி வந்தாரு. மத்த ஏழு வீட்டுலயும் ஒடம்பு வரல. மத்த ஆறு வீட்டுலயும் ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல பூசை வச்சு, கருப்பு கட்டி, போட்டோவுக்கு மால போட்டாச்சு. எங்க வீட்டுல போட்டோவுக்கு மால கெடையாது, அம்மா தூசிதான் தொடைப்பா. அவன் உயிரோட திரும்பி வரணும்னு பேரு குடுக்க எங்க எடம் இருந்தாலும் அம்மா குடுப்பா. வேளாங்கண்ணில, தக்கலை தர்காவுல, சுசீந்திரத்துல அனுமாருக்கு முன்னாடி கூட ஒரு தடவ. நான் கெளம்பும்போது பஸ் ஸ்டாண்டுல வச்சு என் பேக்கு ஜிப்ப இழுத்து மூடிட்டே சொன்னா, "பேரு குடுக்க எடம் இருந்தா அண்ணனுக்க பேர குடுத்துரு மக்களே. எந்த சாமியா இருந்தா என்ன, கேக்கதுக்குக் காது இருந்தா போதும்." அதனாலதான் இன்னைக்குக் காலையில, வாசல் பலகையில ஒரு சாமியார் காகிதமும் பேனாவுமா உக்காந்திருக்கதும், ஊருசனம் வரிசையா நின்னு பேரு சொல்லுறதும் பாத்தப்ப, எனக்கு யோசிக்கவே தோணல. போய் நின்னேன். தோண்டுப்னு பேரு அந்த சாமியாருக்கு, என் வயசுதான் இருக்கும், மூக்கு ஒழுகிட்டு, செவப்பு அங்கிக்கு உள்ள மஞ்ச ஸ்வெட்டரு. கர்நாடகாவுல பெரிய மடத்துல பன்னெண்டு வருஷம் படிச்சவனாம். எங்கிட்ட "ஊட்டா ஆய்த்தா?"ன்னு கேட்டான், சாப்பிட்டாச்சான்னு அர்த்தமாம். எனக்குக் கன்னடம் தெரியாதுன்னதும் மொகம் வாடிப் போச்சு, தெக்கே இருந்து வர்றவங்க எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிருக்கான். பொறவு ஹிந்திதான், எனக்க ஹிந்தி பஸ்ஸுல கத்துக்கிட்ட ஹிந்தி. அண்ணன் பேரு சொன்னேன், எழுத்துக் கூட்டி மூணு தடவ கேட்டு எழுதிக்கிட்டான். அவ்ளோதான். உள்ள வந்து பெண்ணுங்க வரிசையில, சுவத்து ஓரமா, வள்ளத்துக்கு நேரா எடம் புடிச்சேன்.

இந்தக் கூடத்துக்கு சன்னலே இல்ல, மேல நடுவுல ஒரு சதுர ஓட்ட, அது வழியா விழுற வெளிச்சம் மட்டும். அந்த வெளிச்சத்துக்குள்ள சாம்பிராணி மாதிரி ஒரு புகை, சாம்பிராணி இல்ல, இங்க வெளையுற ஒரு செடியாம், வாசம் மூக்குல ஏறி தொண்டையில எறங்குது. பதினொரு சாமியாருங்க ரெண்டு வரிசையா உக்காந்து படிக்காங்க, குரலு வயித்துக்கும் கீழ எங்கேயோ இருந்து வருது, நம்ம ஊர்ல போட்டு எஞ்சின் ஸ்டார்ட் ஆகி நிக்கும்போது பலகை அதிருமே அப்படி. எதுக்கு இவங்க இவ்ளோ அடியில இருந்து படிக்காங்க, தொண்ட வலிக்காதா, சின்ன வயசுலயே பழக்குவாங்களா, தூங்கும்போது குறட்டையும் இந்த சுதியிலதான் வருமா. என் பக்கத்துல யாங்சென் அக்கா, நான் தங்கியிருக்க வீட்டுக்காரி, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கையில செபமால மாதிரி ஒண்ண உருட்டிட்டே என் இடுப்புல முழங்கைய வச்சுக் குத்துறா. "ஏ மதராசி, வாயத் தொறந்து வச்சுப் பாக்காத, ஈ போயிரும்." "இங்க ஏது அக்கா ஈ, இந்தக் குளுருல?" "நீ தொறந்து வச்சா அதுக்காகவே வரும்." ரெண்டு பேரும் சிரிச்சோம், முன்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா திரும்பி மொறைச்சா. நான் கேட்டேன், இது எந்த சாமிக்குத் திருநாளுன்னு. "திருநாளா? மாவு மில்லு நோர்பு செத்து இன்னைக்கு நாப்பத்தொம்பதாவது நாளு. இன்னைக்கோட அவனுக்கு அடுத்த பொறப்புக்கு வழி கெடைச்சிரும். இல்லாட்டி இங்கேயே சுத்திட்டு, எல்லார் மாவுலயும் அரைக்கிலோ எடுத்துட்டுத்தான் இருப்பான்." "அப்ப பேரு குடுத்தது?" "அது நம்ம வீட்டுல செத்தவங்க. ஒருத்தனுக்குக் கதவு தொறக்கும்போது மத்தவங்களும் சேந்து போயிரட்டும்னு எல்லாரும் குடுப்போம். நான் வருஷா வருஷம் எங்க வீட்டுக்காரன் பேரு குடுக்கேன், ஏன் தெரியுமா? தப்பித் தவறி திரும்பி வந்துரக் கூடாது." சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டு குலுங்குறா. "நீயும் குடுத்தியே காலையில, நான் பாத்தேன், நல்ல பிள்ளன்னு நெனச்சேன். யாரு, உங்க அப்பாவா?" நான் சும்மா தலைய ஆட்டினேன். காதுக்குள்ள அந்த எஞ்சின் மட்டும் ஓடுது.

செத்தவங்க சீட்டு. நான் அவன செத்தவங்க சீட்டுல எழுதிட்டேன். சரி, பதறாத. இது காகிதம். மை. எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை உண்டா, கெடையாது, பூசைக்கே நான் பாட்டுக்காகத்தான் போறது. இங்க ஒரு சாமியாரு திபெத்து எழுத்துல நாலு கோடு போட்டா அங்க அரபிக்கடல்ல என்ன மாறிரப் போகுது. ஆனா அம்மா. அம்மாவுக்குத் தெரிஞ்சா. எங்க ஊரு கோயில்லயும் ரெண்டு சீட்டுதான், உயிரோட இருக்கவங்களுக்கு வெள்ள, இறந்தவங்களுக்கு மஞ்ச, கோயில் கணக்கெல்லாம் பாக்குற உபதேசியார் மொதல்ல கேக்குறதே அதத்தான், "எந்தச் சீட்டு?" இங்க யாரும் கேக்கல. ஏன் கேக்கல? எல்லாருக்கும் தெரியும், அதனால கேக்கல, தெரியாதவ நான் ஒருத்திதான். மூணாவது வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் அப்பா போய் மஞ்ச சீட்டு வாங்கி எழுதினாரு, ம. கிளீட்டஸ்னு, அப்பாவுக்கு எழுத்து கோணக்கோணன்னு வரும். அம்மா எப்படியோ தெரிஞ்சு ஓடி வந்தா. உபதேசியார் மேசையில இருந்து அந்தச் சீட்ட எடுத்தா, கிழிக்கப் போறான்னுதான் எல்லாரும் நெனச்சோம், வாயில போட்டு மென்னா. உபதேசியார் பேனாவப் புடிச்சபடியே பாத்துட்டு நின்னாரு. முழுங்கிட்டு, "இப்ப எழுதும் பாப்போம்"னா. அப்பா அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. கல்லறைத் திருநாளு அன்னைக்கு ஊரே கல்லறைக்கு வெள்ளையடிச்சு மெழுவத்தி ஏத்தும், கடல்ல போனவங்க வீட்டாளுங்க மணல்ல குழி பறிச்சு ஏத்துவாங்க, அம்மா அன்னைக்கு வேணும்னே வீடு கழுவி விடுவா, யாரோ வெளியூர்ல இருந்து வரப் போறாப்ல. அப்படிப்பட்டவ சொல்லி அனுப்பி, நான் வந்து, இவ்ளோ தூரம் வந்து. அக்கா கிட்ட மெதுவா கேட்டேன், அந்தக் காகிதத்த என்ன பண்ணுவாங்க. "பேர சத்தமாப் படிச்சிட்டு எரிச்சிருவாங்க." அம்மா வயித்துல இருக்க சீட்டு, இங்க நெருப்புல போற சீட்டு. எப்ப படிப்பாங்க? "டீ குடிச்ச பொறவு." டீ எப்ப? "ஏன், பசிக்குதா? குருவி மாதிரி கொத்தித் தின்னா பசிக்கத்தான் செய்யும்."

அப்ப டீ வரைக்கும் நேரம் இருக்கு. போய்ச் சொல்லி எடுத்துரலாம். ரொம்ப லேசு. தப்பா குடுத்துட்டேன்னு ஹிந்தியில எப்படிச் சொல்லணும், கலத், கலதி, கலதி ஸே, அதான். இப்பவே எந்திரிச்சுப் போகலாமா, தோண்டுப் நாலாவதா உக்காந்து கண்ண மூடிப் படிச்சிட்டிருக்கான், மூக்க மட்டும் அங்கியில தொடைக்கான். நடுவுல எந்திரிச்சா நோர்பு வீட்டாளுங்க என்ன நெனப்பாங்க, அவரு பொண்டாட்டி முன் வரிசையில குனிஞ்சே இருக்கா. ஒருத்தன் ஒரு நீளக் கொம்ப ஊதினான், அடேயப்பா, நெஞ்செலும்பு ஆடுது, ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு நீளம், மடக்கி வைக்கலாமோ, குடை மாதிரி, இல்ல அண்டென்னா மாதிரி, ஆமா மடக்குறான், உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள போகுது! இத எந்தப் பட்டறையில செய்வாங்க. நான் ஏன் கொம்பப் பத்தி யோசிக்கேன். யோசிக்கக் கூடாதது ஒண்ணு கெடக்கு அடியில, அதனால. பாசி புடிச்ச பாறை மாதிரி, கால வச்சா வழுக்கும்னு தெரிஞ்சே நான் சுத்திப் போற எடம். ரீகன் அண்ணன். அந்தத் திரும்பி வந்த ஒருத்தர். ஆஸ்பத்திரில இருந்து வந்து பதினஞ்சாவது நாளு, எங்க கரையில ஐஸ் பெட்டி அடுக்கி வச்சிருக்க எடத்துல என்னக் கூப்பிட்டாரு. எனக்குப் பதினாறு. அவரு ஒதடு முழுக்க உப்பு வெடிச்சு தொலி உரிஞ்சிட்டிருந்துது. என் மொகத்தப் பாக்கல, ஐஸ் பெட்டியோட கைப்புடியையே பாத்துட்டுச் சொன்னாரு. நானும் கிளீட்டஸும் ஒரே டீசல் கேனப் புடிச்சிட்டு மெதந்தோம். ரெண்டு ராத்திரி பேசிட்டே இருந்தோம், அவன் தூங்காத தூங்காதன்னு என்ன அடிச்சிட்டே இருந்தான். மூணாவது நாளு விடிஞ்சு வெயிலு வந்துது. வெயிலு வந்ததும் "இனி பயமில்ல ரீகன், நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன்"னு சொல்லிட்டுக் கைய விட்டான். கத்தல. தேடல. தூங்குறவன் மாதிரியே போனான். நீவாடு ஒரு பக்கமா இழுத்துது, அந்த ஓட்டத்தோட போயிட்டான். அம்மா கிட்ட சொல்லாதன்னாரு. நான் சொல்லல. ஏழு வருஷமா நான் எல்லா எடத்துலயும் அவன் பேர வெள்ளச் சீட்டுல எழுதியிருக்கேன். அம்மா எழுதினது நம்பி. நான் எழுதினது தெரிஞ்சே. அப்ப எது தப்பு, இன்னைக்கு எழுதினதா, இதுக்கு முன்ன எழுதினதெல்லாமா? சுவத்துல ஆறு பேரு இன்னும் கும்பிட்டுட்டு நிக்காங்க. தூங்கிக்கிறேன்னா. கொஞ்சம்னா. எந்திரிக்கலாம்னு நெனச்சுத்தானே அப்படிச் சொல்லியிருப்பான், கொஞ்சம்னு.

படிப்பு சட்டுன்னு நின்னுது. பெரிய கெட்டில்ல டீயோட ஒரு சாமியாரு வாறாரு, எல்லாரும் சட்டைக்குள்ள இருந்து அவங்கவங்க கிண்ணத்த எடுக்காங்க, வீட்டுல இருந்தே கொண்டு வருவாங்களாம், கிண்ணம் இல்லாத ஒரே ஆளு நான். யாங்சென் அக்கா அவ கிண்ணத்துல பாதி குடிச்சிட்டு என் பக்கம் நீட்டினா, உப்பு, வெண்ணெய், டீ, டீன்னு நெனச்சுக் குடிச்சா கொடல் பொரளும், சூப்புன்னு நெனச்சா கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஒரு வாயோட எந்திரிச்சேன். கால் மரத்துப் போச்சு. தோண்டுப் தூணுல சாஞ்சு டீய ஊதிட்டிருக்கான், மடியில அந்தக் காகிதங்க. நான் கலதி ஸே, கலதி ஸேன்னு ஆரம்பிச்சு, உயிரோட இருக்கவங்க சீட்டுன்னு நெனச்சேன், எங்க ஊர்ல வேற மாதிரி, எங்க அம்மா, அப்படி இப்படின்னு கொட்டினேன். அவன் மூக்க உறிஞ்சிட்டே கேட்டான். "அப்ப உயிரோட இருக்காரா?" "தெரியாது." "எங்க போனாரு?" "கடல்ல. ஏழு வருஷம்." அவன் டீய கீழ வச்சான். "எங்களுக்கும் அப்படி ஆளுங்க உண்டு. ஆடு ஓட்டிட்டுக் கணவாய் தாண்டிப் போவாங்க, பனி விழுந்துரும், ஒண்ணும் கெடைக்காது. அவங்க பேர நாங்களா எழுத மாட்டோம். வீட்டுல இருந்து ஒருத்தர் வந்து சொன்னாத்தான்." "யாரு வந்து சொல்லணும்? அம்மாவா?" "யாரு வேணாலும். வீட்டு ஆளா இருந்தா போதும். எங்க ஊர்ல ஒரு வீட்டுல மருமவ வந்து சொன்னா, மாமியார் ஒரு வருஷம் அவ கூட பேசல." "பொறவு?" "பொறவு பேசினா. ஒரே அடுப்பு, பேசாம எப்படி?" காகிதத்தப் பெரட்டினான், வெரல வச்சுக் காட்டினான். மேல ஒரு ஆளு மண்டி போட்டுக் கும்பிடுற படம் அச்சடிச்சிருக்கு, கீழ வரிவரியா பேரு. அதுல ஒண்ணு என் அண்ணன். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துல, கொக்கி கொக்கியா, மேல கோடு போட்டு, எவ்ளோ அழகா இருக்கான். "அடிச்சிரலாம், கஷ்டமே இல்ல. நீண்ட ஆயுசுக்குப் படிக்குறது பௌர்ணமிக்கு, அந்தச் சீட்டுல எழுதி வச்சிடறேன். நீ சொல்லு. சீக்கிரம் சொல்லு, டீ முடிஞ்சா பேரு படிக்க பெரியவரு உடனே உக்காந்துருவாரு." பேனாவ என் கையிலயே குடுத்துட்டான். ஏதோ மருந்துக் கம்பெனி பேனா, மூடியக் கடிச்சுக் கடிச்சுத் தட்டையாக்கி வச்சிருக்கான்.

ஒரு கோடு. அவ்ளோதான் வேல. தெனம் நூறு கோடு போடுறவ நான். பேனா முனை அந்தக் கொக்கியத் தொட்டுட்டு நிக்குது. அடிச்சிரு ரெஜிலா, எனக்கு நானே சொல்லிக்கிறேன். அடிச்சா மத்தியானம் அம்மா போன்ல பேரு குடுத்தியான்னு கேக்கும்போது குடுத்தேன்மான்னு சொல்லலாம், பௌர்ணமிக்குப் படிப்பாங்கம்மா, பௌர்ணமியாம்னு அம்மா சந்தோசப்படுவா, அன்னைக்கு மீனும் வாங்குவா, அடுத்த வருஷம் வேற எங்கேயாவது நான் போவேன், அங்கயும் ஒரு சீட்டு. அடிக்கணும்னா அவன் உயிரோட இருக்கான்னு எனக்குத் தோணவாவது செய்யணும். ஒரு துளி. தேடிப் பாக்கேன், உள்ள, நெசமாவே தேடிப் பாக்கேன், வேளாங்கண்ணில மெழுவத்தி புடிச்சப்ப கூட இவ்ளோ தேடல. வெயிலு இருக்கு. கேனு இருக்கு. ரீகன் அண்ணன் ஒதடு இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. எனக்கு மூச்சு வாங்குது, இது ஒசரத்தால, காத்து கம்மி, எல்லாருக்கும் வாங்கும். அம்மாவக் கேக்காம நான் செய்யலாமா, அவ பிள்ளய. ஆனா அவன் எனக்கும் அண்ணன்தானே. எனக்கு சைக்கிள் பழக்கினவன், நான் வரைஞ்ச மொத வள்ளத்தப் பாத்து "இது முங்கிரும் பிள்ளே, பின்னாடி அமரத்துல கனம் பத்தாது"ன்னு சொன்னவன். எனக்கு அழுறதுக்கு ஒரு எடம் கூட இல்லாம ஏழு வருஷம் ஆச்சேன்னு அப்பதான் தெரிஞ்சுது, அழுதா அம்மாவுக்குத் தெரிஞ்சுருமேன்னு. "ஹூம்?"ன்னு தோண்டுப் கேட்டான். பெரியவரு எடத்துல வந்து உக்காந்துட்டாரு. நான் மூடியத் தேடிப் போட்டு பேனாவத் திருப்பிக் குடுத்தேன். "இருக்கட்டும்"னேன், தமிழ்ல. அவனுக்குப் புரிஞ்சுது.

அப்புறம் படிச்சாங்க. நான் பயந்த மாதிரி இல்ல, ரொம்ப வேகமா, பஸ் கண்டக்டர் ஊரு பேரு சொல்லுற வேகத்துல, ஒவ்வொரு பேருக்கும் சனம் முணுமுணுன்னு எதையோ சேத்துச் சொல்லுது. யாங்சென் அக்கா வீட்டுக்காரன் பேரு வந்தப்ப அக்கா சிரிக்கல, உருட்டுற மாலைய நிறுத்தி இறுக்கிப் புடிச்சுக்கிட்டா, அதப் பாத்ததும் அவ சொன்ன சோக்கு வேற மாதிரி கேட்டுது எனக்கு. நாலு பேரு கழிச்சு "கிலீதஸ்." அவ்ளோதான். முணுமுணு. அடுத்த பேரு. யாரோ டோல்கர். நான் எதுக்கு வாயத் தொறந்தேன்னு தெரியல, சத்தம் வந்துருச்சு, பெருசா இல்ல, தும்மல் மாதிரி. அக்கா திரும்பிப் பாத்தா. "உன்னோடதா? யாரு?" "எனக்க அண்ணன். செத்துப் போயிட்டான். கடல்ல." ஹிந்தியில எல்லாம் சின்னச் சின்ன வார்த்த, சொல்ல வந்துருச்சு. அக்கா சுவத்துல இருந்த செதில் கடலப் பாத்தா. "கடலு எவ்ளோ பெருசு? நம்ம பள்ளத்தாக்கு கொள்ளுமா?" "கொள்ளாது அக்கா." "அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கும் சேத்தா?" "சேத்தாலும்." "அப்ப எப்படித் தேடுனாங்க?" "பதினொரு நாளு தேடுனாங்க. ஹெலிகாப்டருல." அவ நாக்கச் சப்புக் கொட்டினா, பொறவு என் கையில சூடு இல்லன்னு சொல்லி எடுத்து அவ கம்பளிக்குள்ள வச்சுக்கிட்டா. காகிதத்த ஒவ்வொண்ணா இடுக்கியில புடிச்சு விளக்குல காட்டினாங்க. நான் எது எங்க சீட்டுன்னு பாக்கணும்னு கழுத்த நீட்டினேன், தெரியல, எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நேரத்துல மஞ்சளாகி, மண்டி போட்டிருக்க ஆளு மட்டும் கடைசி வரைக்கும் கருப்பா தெரிஞ்சு, சுருண்டுருச்சு. சாம்பல ஒரு தாம்பாளத்துல வாங்கினாங்க. மண்ணோட கொழைச்சு சின்னச் சின்ன கோபுரமா அச்சு வார்ப்பாங்களாம், மலை மேல ஒரு குகையில வைப்பாங்களாம். எத்தன வருஷமா, எத்தன இருக்கும் அங்க, போய்ப் பாக்க விடுவாங்களான்னு நான் கேட்டுட்டே இருக்கேன், அக்கா, "அழு, இல்லாட்டி கேள்வி கேளு, ரெண்டும் சேந்து செஞ்சா எனக்குப் புரியல"ன்னா.

போனுக்கு டவர் மடத்து மொட்டை மாடியில மட்டும்தான். ஏணி ஏறி வந்து நிக்கேன். காத்துக் கொடி படபடன்னு அடிக்குது, கீழ ஆறு நூலு மாதிரி. மணி பன்னெண்டு பத்து. அங்க கோயில் மணி அடிச்சு, அம்மா சிலுவை போட்டு, ஸ்டவ்வ அணைச்சிட்டுத்தான் போன எடுப்பா. சொல்லாம இருக்கலாம். இப்பவும் இருக்கலாம். எரிஞ்சு போனது அவளுக்குத் தெரியவா போகுது. நம்பரப் போட்டேன், அடிக்குது. "மக்களே, மூச்சு முட்டுதா அங்க? தின்னியா?" "தின்னேம்மா." "பேரு குடுத்தியா?" "குடுத்தேன்." "சரியாப் படிச்சாவளா? தர்காவுல கிளிட்டுன்னு படிச்சானுவ." "கிட்டத்தட்ட சரியாப் படிச்சாங்க." வாயில இன்னும் வெண்ணெய் வாசம். "அம்மா. அது செத்தவங்க சீட்டும்மா." கட்டாயிருச்சான்னு போனப் பாத்தேன், ஓடிட்டுத்தான் இருக்கு, நொடி நொடியா. அம்மா மூச்சு கேக்குது. பொறவு ரொம்ப மெதுவா, "தெரியாமக் குடுத்தியா, தெரிஞ்சு குடுத்தியா?"

"தெரியாமக் குடுத்தேன். அடிக்கவான்னு கேட்டாங்க. தெரிஞ்சு விட்டுட்டேன்."

கத்துவா. வச்சிருவா. ஒரு வருஷம் பேச மாட்டா, ரெண்டு வருஷம். நான் கண்ண மூடிட்டேன். அங்க நாற்காலிய இழுக்குற சத்தம், அம்மா உக்காருறா. "பக்கத்துல யாராவது இருக்காவளா உனக்கு, தனியாவா நிக்க?" "கீழ ஒரு அக்கா இருக்காங்கம்மா." "அவள மேல வரச் சொல்லு." "எதுக்கும்மா?" "வரச் சொல்லு பிள்ளே. தனியா நின்னு சொல்லாத." அம்மா தொண்டைய செருமினா, செருமி முடிக்காமலே பேசினா. "ரீகன் அன்னைக்கு ஐஸ் பெட்டிப் பக்கத்துல வச்சு உங்கிட்ட என்ன சொன்னான்? நான் மேட்டுல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். நீ சொல்லட்டும் சொல்லட்டும்னு பாத்தேன். உனக்கு வயசு பத்தாதுன்னு விட்டேன், பொறவு எனக்குத் தைரியம் பத்தல. இப்ப சொல்லு. மெதுவா சொல்லு."

நான் ஏணிப் பக்கம் குனிஞ்சு யாங்சென் அக்காவக் கூப்பிட்டேன். அவ ஏறி வர்ற வரைக்கும் அம்மா காத்திருந்தா, நானும் காத்திருந்தேன். அப்புறம் மொத ராத்திரியில இருந்து ஆரம்பிச்சேன்.